இரவு எட்டுக்குக் கிளம்பி காலை ஏழுக்கு கேட்டில்

கேள்வி:

வக்கீல் அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்கு 41 வயது. நாங்குநேரி பக்கம் ஊர். 16 வருஷமாக லாரி ஓட்டுகிறேன். கடந்த மூன்று வருஷமாகத் திருநெல்வேலியில் முப்பது வண்டி வைத்திருக்கும் ஒரு டிரான்ஸ்போர்ட்டில் பதினான்கு சக்கர வண்டி ஓட்டுகிறேன். மாதம் 18,000 சம்பளம், பேட்டா தனி. போன தை மாதம் எல்லா வண்டிக்கும் ஜிபிஎஸ் மாட்டி, ‘கம்பெனி பாலிசி’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். 60-க்கு மேல் போகக் கூடாது. போனால் ஆபீஸில் அலாரம் அடிக்கும், ஒரு அலாரத்துக்கு பேட்டாவில் 300 ரூபாய் பிடிப்பார்கள். நல்லதுதானே என்று போட்டுக் கொடுத்தேன். ஆனால் அதே ஆபீஸ் சூப்பர்வைசர், இரவு எட்டு மணிக்கு லோடு கட்டி முடிந்ததும் ‘காலைல ஏழுக்கு பெங்களூர் குடோன் கேட்ல நிக்கணும், பார்த்துக்கிடுங்க’ என்று வாட்ஸ்அப்பில் போடுகிறார். செகண்ட் டிரைவரும் இல்லை, கிளீனரும் இல்லை. திரும்பி வந்ததும் லாக் ஷீட்டில் ‘இரவு 11 முதல் 4 வரை ஓய்வு’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். சில நேரம் வெற்றுத் தாளிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் தலையில் விழும்? நான் தனியாக நோட்டு வைத்து உண்மையான நேரத்தை எழுதிவைக்கலாமா? யூடியூபில் பார்த்தால் அமெரிக்காவில் வண்டியே நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. நமக்கு ஏன் அது இல்லை? வீட்டில் வேலையை விடச் சொல்கிறார்கள். இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள்.
(பெயர் வேண்டாம், நாங்குநேரி வட்டாரம்)

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் முதலில் எடுத்தது சட்டப் புத்தகம் இல்லை, கால்குலேட்டர்.

திருநெல்வேலியிலிருந்து மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு சுமார் 600 கிலோமீட்டர். இரவு எட்டிலிருந்து காலை ஏழு வரை 11 மணி நேரம். எங்கேயும் நிற்காமல் போனாலே சராசரி மணிக்கு 54-ஐத் தாண்ட வேண்டும். சாப்பாடு, இரண்டு டீ, ஒன்றுக்குப் போவது, தார்ப்பாய்க் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று வண்டியைச் சுற்றி வருவது, டோல் வரிசை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரை மணி கழியுங்கள். மிச்சம் ஒன்பதரை மணி, சராசரி 63. அதிகபட்சமே 60 என்று எழுதி வாங்கிக்கொண்டு சராசரி 63 கேட்கிறது உங்கள் ஆபீஸ். உங்கள் மூத்த பெண்ணிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள், ‘கேள்வியே தப்புப்பா’ என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

ஆபீஸுக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள். வேகத்தைத் தாளில் எழுதி வாங்கினார்கள். நேரத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் சொல்கிறார்கள். தாள் அவர்கள் ஃபைலில் பத்திரமாக இருக்கும். வாட்ஸ்அப் உங்கள் போனில் இருக்கிறது, அதை நீங்கள் எப்போது அழிப்பீர்கள் என்று யாருக்கும் தெரியாது. விபத்து என்று வந்தால் ‘நாங்கள் 60 என்றுதான் சொன்னோம், இவர்தான் கேட்கவில்லை’ என்று ஃபைலைத் திறந்து காட்டுவார்கள். அதனால் இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: அந்த மெசேஜ்களை அழிக்கவே கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 183 என்று ஒரு பிரிவு. அதிவேகத்துக்கான தண்டனைப் பிரிவு அது. கனரக சரக்கு வண்டிக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் லைசென்ஸுக்கே ஆபத்து. இந்த அளவு எல்லா ஓட்டுநருக்கும் தெரியும். தெரியாதது இரண்டு. ஒன்று, 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவின் முதல் வரியே வேகமாக ஓட்டுபவரையும், தன்னிடம் வேலை பார்ப்பவரை அப்படி ஓட்ட வைப்பவரையும் ஒன்றாகத்தான் பேசுகிறது. இரண்டாவது, அதன் நான்காம் உட்பிரிவு. ஒரு பயணத்தை இத்தனை நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒருவர் உத்தரவு கொடுக்கிறார். வேக வரம்பை மீறாமல் அது நடைமுறையில் முடியாது என்று நீதிமன்றத்துக்குத் தோன்றுகிறது என்றால், அந்த உத்தரவே அவர் குற்றம் செய்தார் என்பதற்கு முதல்நோக்குச் சான்று, அதாவது மறுத்துக் காட்டும்வரை நிற்கும் சான்று. ‘ஏழுக்கு கேட்ல நிக்கணும்’ என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் உத்தரவுதான். எட்டு மணிக்கு லோடு முடிந்ததற்கு கேட் பாஸில் நேரம் இருக்கும், ஏழு மணிக்கு நிற்க வேண்டும் என்பதற்கு மெசேஜ் இருக்கிறது.

இங்கே ஒரு பிசிறு உண்டு, அதை மறைத்தால் நான் நல்ல வக்கீல் இல்லை. அந்தப் பிரிவு சொல்லும் வேக வரம்பு அரசு வைத்தது. கம்பெனி வைத்த 60 அதில் வராது. 2015 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாரான சரக்கு வண்டிகளில் ஸ்பீடு கவர்னர், அதாவது வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி, 80-இல் இருக்க வேண்டும். டேங்கர், டிப்பர், ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டி என்றால் 60. உங்கள் வண்டி முதல் வகை. ஆகவே முதலாளி தரப்பு வக்கீல், ‘80 வரை போகலாமே, 63 சராசரி ஏன் முடியாது’ என்று எழுந்து நிற்பார். லோடு ஏற்றிய பதினான்கு சக்கர வண்டி, தொப்பூர்க் கணவாய் ஏற்றம், சேலம் சுற்றுவட்ட நெரிசல், டோல்கள் எல்லாவற்றையும் காட்டி முடியாது என்று வாதாடலாம், நானாக இருந்தால் வாதாடுவேன். ஆனால் அதை மட்டும் நம்பிக் களத்தில் இறங்கமாட்டேன்.

இறங்குவதற்கு இன்னும் கெட்டியான தரை இருக்கிறது. அதுதான் வேலை நேரம். சரக்கு வண்டி ஓட்டுநரின் வேலை நேரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தைக் கை காட்டுகிறது. அந்தச் சட்டம் சொன்னது இது: ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நெடுந்தூரத் தடம் என்று அறிவித்து அதிகாரியின் ஒப்புதல் வாங்கினால் 10 மணி, 54 மணி வரை போகலாம்; வண்டி பழுது, போக்குவரத்துத் தடை, இயற்கைச் சீற்றம் போன்றவை தவிர அதற்கு மேல் இல்லை. 5 மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்தால் குறைந்தது அரை மணி ஓய்வு. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்கும்வரை 9 மணி நேரம் ஓய்வு. இப்போது இந்தப் பழைய சட்டத்தை 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்துவிட்டார்கள். ஆனாலும் நாளுக்கு 8 மணி, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்ற அடித்தளம் அங்கேயும் இருக்கிறது. ஒற்றை ஓட்டுநரை இரவு முழுக்க 11 மணி நேரம் அனுப்புவது இந்த மணிக்கணக்குக்குள் அடங்காது. வண்டி 60-இல் போனதா 80-இல் போனதா என்ற தகராறே இங்கே தேவைப்படாது.

நீங்கள் அன்றைக்குக் காலையிலிருந்தே லோடு கட்டும் இடத்தில் நின்றிருப்பீர்கள், அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய சட்டம் வேலை நேரம் என்பதற்குக் கொடுத்த விளக்கம், தொழிலாளி முதலாளியின் ஆணைக்குக் கட்டுப்பட்டு இருக்கும் நேரம் என்பது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் நேரம் மட்டும் என்று அது சொல்லவில்லை. ஜிபிஎஸ் இதை அறியாது. வண்டி அசையவில்லை என்றால் அது ‘ஹால்ட்’ என்று போட்டுவிடும், ஆபீஸில் அதை ‘ரெஸ்ட்’ என்று மாற்றி எழுதிக்கொள்வார்கள். சிமென்ட் குடோன் வரிசையில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு வண்டி நீளம் முன்னால் நகர்த்திக்கொண்டு, கண்ணை மூடினால் பின்னால் இருப்பவன் ஹாரன் அடிக்கிற அந்த நாலு மணி நேரம் ஓய்வா? அதை ஓய்வு என்று சொல்பவரை ஒரு நாள் அந்த வரிசையில் உட்கார வைக்க வேண்டும்.

சரி, லாக் ஷீட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி அதுதான்.

சில வருஷங்களுக்கு முன் பாளையங்கோட்டையில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஒரு வழக்கு. இறந்தவர் நம் ஊர்க்காரர், அவர் மனைவிக்காக நான் ஆஜரானேன். திண்டுக்கல் தாண்டி விடிகாலை 4.40-க்கு, முன்னால் போன வண்டியில் லாரி மோதியிருந்தது. லாரி ஓட்டுநரை எதிர்த்தரப்பு சாட்சியாக ஏற்றினார்கள். கூடவே அவர் லாக் ஷீட்டும் வந்தது. ஓட்டுநர் களைத்திருக்கவில்லை, நன்றாகத் தூங்கி எழுந்துதான் ஓட்டினார் என்று நிரூபிக்க அவர்களே கொண்டுவந்த தாள். ‘கயத்தாறு, 11.00 – 4.00 ஓய்வு’ என்று கறுப்பு ஜெல் பேனாவில் அழகான எழுத்து. கீழே கையெழுத்து மட்டும் நீலப் பால் பாயிண்டில், எழுத்துக் கூட்டிப் போட்டது போல. வெற்றுத் தாளில் முன்னாலேயே வாங்கி வைத்த கையெழுத்து என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் கேட்டது இரண்டே கேள்வி. ‘இது உங்கள் கையெழுத்துதானா?’ ‘ஆமாங்க.’ ‘கயத்தாற்றில் ஐந்து மணி நேரம் தூங்கினீர்களா?’ அந்த மனிதர் என்னைப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மேனேஜரைப் பார்த்தார். பிறகு மெதுவாக ‘ஆமாங்க’ என்றார்.

அதற்குப் பிறகு நான் பாஸ்டேக் பட்டியலை எடுத்தேன். வங்கியிலிருந்து சம்மன் போட்டு வரவழைத்தது. சாலைப்புதூர் டோல் 11.31. எட்டூர்வட்டம் அதற்கு ஒரு மணி நேரத்துக்குள். மதுரையை ஒட்டிய கப்பலூர் 1.07. கயத்தாற்றில் தூங்கிக்கொண்டிருந்த வண்டி கப்பலூரில் சுங்கம் கட்டியிருக்கிறது. அதைவிட, நாலு மணிக்கு கயத்தாற்றில் எழுந்த மனிதர் நாற்பது நிமிஷத்தில் திண்டுக்கல்லைத் தாண்டியிருக்கிறார். எழுதிக் கொடுத்த குமாஸ்தா இதைக்கூடப் பார்க்கவில்லை. வழக்கை ஜெயித்தோம், இன்சூரன்ஸ் கட்டியது. ஆனால் அன்று கோர்ட்டில் பொய்யனாக நின்றது அந்த ஓட்டுநர் ஒருவர்தான். தாளை எழுதியவரும் எழுதச் சொன்னவரும் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். என் கட்சிக்காரருக்காக அவரைக் கூண்டில் வைத்துக் கேட்டது நான்தான், அதில் எனக்கு வருத்தமில்லை; ஆனால் ‘ஆமாங்க’ என்று அவர் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே, நடக்காத ஓய்வை உங்கள் கையால் எழுதாதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுத்தான் ஆக வேண்டும் என்று நின்றால், கையெழுத்துக்குக் கீழே தேதியையும் நேரத்தையும் உங்கள் எழுத்திலேயே போட்டு, காலியாக உள்ள கட்டங்களின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோபப்படுவார்கள். படட்டும்.

நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் தலையில் விழும் என்று கேட்டீர்கள். காவல் நிலையத்தில் முதல் பெயர் உங்களுடையதுதான், அதில் மாற்றமில்லை. உயிரிழப்பு என்றால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதா 106-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, ஐந்து வருஷம் வரை சிறை. பத்து வருஷம் என்று நீங்கள் கேள்விப்பட்டது இரண்டாம் உட்பிரிவு, மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடிவிடுபவர்களுக்கானது. 2024 ஜனவரியில் லாரிக்காரர்கள் போராடியதும் அதற்காகத்தான். அந்த வருஷம் ஜூலை 1-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். அதற்காக ஓடிவிடலாம் என்று அர்த்தம் இல்லை. நின்று, அடிபட்டவருக்கு உதவி, போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தில் எப்போதும் உள்ள கடமை. கூட்டம் அடிக்கும் என்ற பயம் இருந்தால் நேரே பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். இழப்பீட்டைப் பொறுத்தவரை வண்டி உரிமையாளரும் இன்சூரன்ஸும்தான் கட்ட வேண்டியவர்கள். உங்கள் லைசென்ஸ், வண்டியின் எஃப்.சி. (தகுதிச் சான்று), பர்மிட் எல்லாம் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடிபடுவது நீங்களாகவே இருந்தால், 1923-ஆம் ஆண்டின் சட்டத்தில் தொடங்கி இன்றுவரை, வேலையில் இருந்தபோது நடந்த விபத்துக்கு முதலாளி ஈடு கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் ‘11 முதல் 4 வரை ஓய்வு’ என்ற உங்கள் கையெழுத்து, குற்ற வழக்கில் உங்கள் ஒரே தற்காப்பையும் பிடுங்கிவிடும். பதினோரு மணி நேரம் ஓட்ட வைத்தார்கள், கண் சொக்கிவிட்டது என்று நீங்கள் சொன்னால், தூங்கியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்பார்கள்.

தனி நோட்டு வைக்கலாமா என்றால், வைக்கலாம் என்று சொல்லமாட்டேன், இன்றைக்கே வாங்குங்கள் என்பேன். தைத்த நோட்டு, பக்க எண் போட்டது. கிழித்தால் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். ஒவ்வொரு டிரிப்புக்கும் லோடு கட்டும் இடத்துக்கு வந்த நேரம், கிளம்பிய நேரம், ஓடோமீட்டர், ஒவ்வொரு டோலையும் தாண்டிய நேரம், நின்ற இடம், தூங்கியது எவ்வளவு, சேர்ந்த நேரம். வண்டி நின்ற பிறகு எழுதுங்கள், ஓட்டிக்கொண்டே எழுதிவிடாதீர்கள். டோல் நேரங்களை எழுதச் சொல்வதற்குக் காரணம், அவை வங்கிக் கணக்கிலும் இருக்கும். உங்கள் நோட்டும் வங்கியும் ஒன்றையே சொன்னால் உங்கள் நோட்டின் மற்ற வரிகளையும் நீதிபதி நம்புவார். உங்களுக்குச் சாதகமில்லாததையும் எழுதுங்கள். ஒரு நாள் வள்ளியூரில் கல்யாண வீட்டில் நேரம் போய்விட்டு 78-இல் அடித்துப் போனீர்கள் என்றால் அதையும்தான். நல்லதை மட்டும் எழுதிய நோட்டை குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிஷத்தில் உடைத்துவிடலாம், நானே உடைத்திருக்கிறேன்.

வாட்ஸ்அப் மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதும் என்று நினைப்பீர்கள். போதாது. மின்னணுப் பதிவு சாட்சியமாக ஏற வேண்டும் என்றால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும், அதற்கு மூலக்கருவி, அதாவது மெசேஜ் வந்த போனே, கையில் இருப்பது நல்லது. போனை மாற்றும்போது பழையதைக் கடையில் போட்டுவிடாதீர்கள். மெசேஜ் தானாக அழியும் ‘டிஸ்அப்பியரிங் மெசேஜ்’ ஆன் செய்திருந்தால் அணைத்துவிடுங்கள். சூப்பர்வைசர் போனில் வாயால் சொன்னால், ‘அண்ணே, ஏழு மணிக்கு பெங்களூர் கேட் என்று சொன்னீங்க, செகண்ட் டிரைவர் இல்லாமல் பதினோரு மணி நேரம் ஆகும், என்ன செய்ய?’ என்று நீங்களே எழுத்தில் அனுப்புங்கள். பதில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, பதிவு ஆகிவிட்டது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 60 என்ற பாலிசி கெட்டது இல்லை. 80-இல் போகும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடிவிடும், 60-இல் 17 மீட்டருக்குள். இரவு இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் மூன்று விநாடி கண் செருகினால் அந்த வித்தியாசம் சுமார் 17 மீட்டர், ஒரு முழு லாரியின் நீளத்துக்கும் மேல். டீசலும் டயரும் மிச்சம் என்பதற்காக முதலாளி அதைக் கொண்டுவந்திருக்கலாம், இருக்கட்டும், உயிரும் சேர்ந்து மிஞ்சுகிறது. எனக்கு அதில் உள்ள குறை வேறு. ஒரே எண்ணை எல்லாச் சாலைக்கும் வைத்திருக்கிறார்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காவல்கிணறு, பணகுடி வரைக்கும் பக்கவாட்டில் அறையும்போது, வாழைத்தார் ஏற்றி உயரமாகத் தார்ப்பாய் கட்டிய வண்டிக்கு 60 என்பதே அதிகம், 40-இல் ஸ்டீயரிங்கைப் பிடித்தாலே கை வலிக்கும். அங்கே அலாரம் அடிக்காது. திரும்பி வரும்போது தொப்பூர் இறக்கத்தில் சரிவு தள்ளி 64 போனால் அலாரம் அடிக்கும். கவர்னர் டீசலைத்தான் குறைக்கும், பிரேக் பிடிக்காது என்பது ஆபீஸில் அலாரம் பார்க்கும் பையனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மைலேஜுக்குப் பரிசு வேறு கொடுக்கிறார்களா உங்கள் கம்பெனியில்? அப்படியென்றால் இறக்கத்தில் நியூட்ரலில் விடச் சொல்லி ஓட்டுநருக்கு ஆசை காட்டுகிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பரிசுப் பணம் எவ்வளவு வந்தாலும் தொப்பூரில் கியரிலேயே இறங்குங்கள்.

அலாரத்துக்கு 300 பிடிப்பது தனிக் கதை. தொழிலாளிக்கு அபராதம் போட முதலாளிக்கு அளவில்லாத உரிமை கிடையாது. 1936-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்திலும் சரி, அதற்குப் பதிலாக வந்த 2019 ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் சரி, எந்தெந்தக் குற்றத்துக்கு அபராதம் என்று அரசின் ஒப்புதல் பெற்ற பட்டியல் வேண்டும், விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், ஒரு சம்பளக் காலத்தில் மொத்த அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் 18,000-க்கு அது 540 ரூபாய். இரண்டாவது அலாரத்திலேயே வரம்பு உடைகிறது. பேட்டா சம்பளமே இல்லை, வழிச் செலவு, அதனால் இந்தச் சட்டம் பொருந்தாது என்று வாதாடுவார்கள். அப்படியானால் சாப்பாட்டுக்குக் கொடுத்த காசில் கை வைக்கிறீர்களே என்று கேட்கலாம். எப்படியும், ஒவ்வொரு பிடித்தத்துக்கும் எந்தத் தேதி, எந்த இடம், என்ன வேகம் என்று எழுத்தில் கேளுங்கள். ஜிபிஎஸ் சில நேரம் பாலத்துக்கு அடியிலும் மலையடியிலும் குதிக்கும். நின்ற வண்டிக்கு 90 காட்டிய அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்க விஷயம். நீங்கள் பார்த்தது உண்மைதான். 2017 டிசம்பரிலிருந்து அங்கே பெரும்பாலான நெடுந்தூர லாரிகளில் மின்னணு லாக் கட்டாயம். 10 மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுத்த பிறகு 11 மணி நேரம்தான் ஓட்டலாம், அதுவும் வேலை தொடங்கிய 14 மணிக்குள். ஐரோப்பாவில் நாலரை மணி ஓட்டினால் 45 நிமிஷம் நிற்க வேண்டும், டேக்கோகிராஃப் என்ற கருவி அதைக் குறித்துக்கொள்ளும். நம் நாட்டில் சாதாரண சரக்கு லாரிக்கு அப்படியொரு கட்டாயக் கருவி இல்லை. சட்டத்தில் மணிக்கணக்கு இருக்கிறது, அதை அளப்பது முதலாளியின் தாள். அதனால்தான் உங்கள் நோட்டுக்கு இவ்வளவு மதிப்பு. அங்கேயும் ஓட்டுநர்கள் சந்தோஷமாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மைல் கணக்கில் கூலி வாங்குபவருக்கு குடோன் வாசலில் காத்திருக்கும் நேரம் அங்கேயும் நஷ்டம்தான்.

இனி ஆபீஸில் எப்படிப் பேசுவது. சட்டப் பிரிவு எண்ணைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள், ‘எந்த வக்கீலைப் பார்த்தே?’ என்பார்கள், அன்றைக்கே சண்டை. முதலாளியை நேரில் பாருங்கள், சூப்பர்வைசரை அல்ல. மேலே போட்ட கணக்கை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ‘அண்ணாச்சி, 60-இல் போகச் சொல்லியிருக்கீங்க, நான் போகிறேன். அப்படிப் போனால் ஏழுக்கு நிற்க முடியாது. ரெண்டில் எது வேண்டும்?’ என்று கேளுங்கள். அவசரத்துக்குக் காரணமாக, சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டான இ-வே பில்லைச் சொன்னால் நம்பாதீர்கள். 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு, 600-க்கு மூன்று நாள் செல்லும், தேவைப்பட்டால் நீட்டிக்கவும் முடியும். உண்மையான காரணம் பகலில் பெரிய வண்டிகளுக்கு நகரத்தில் இருக்கும் நோ என்ட்ரியும், குடோன்காரருக்குக் கொடுத்த வாக்கும்தான். அதற்கு வழி இருக்கிறது: மதியம் இரண்டுக்கே லோடு முடித்துக் கொடுக்கட்டும், கரூர் பக்கம் இரவு தூங்கி எழுந்து போகலாம். அல்லது செகண்ட் டிரைவர் போடட்டும். ஒரு மோதல் வழக்கில் வண்டி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மாசக்கணக்கில் நிற்பதைவிட செகண்ட் டிரைவர் சம்பளம் மலிவு என்று முதலாளிகளுக்குத் தெரியும், ஆனால் யாராவது எதிரில் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பது வண்டிக்கு முப்பது ஓட்டுநர் இருப்பீர்களே, நாலு பேராகப் போனால் இன்னும் நல்லது. பேசியும் நடக்கவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம், நோட்டின் நகலோடு.

வீட்டில் சொல்வதைத் தட்டிவிடச் சொல்லமாட்டேன். உங்கள் மனைவி ராத்திரி போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருப்பவர். இன்றைக்கே விட வேண்டாம். அடுத்த வேலை கையில் கிடைக்கும் முன் விட்டால், அடுத்த ஆபீஸிலும் இதே தாளில்தான் கையெழுத்துக் கேட்பார்கள், அப்போது பேரம் பேச உங்களுக்குத் தெம்பு இருக்காது. முதலாளியிடம் பேசிவிட்டு ஒரு மாதம் பாருங்கள். பேசிய பிறகும் அதே எட்டு மணி, ஏழு மணி மெசேஜ் வந்தால், அடுத்த மாதச் சம்பளம் வாங்கிய கையோடு விலகுங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சேரும்போது உங்கள் ஒரிஜினல் லைசென்ஸை ஆபீஸில் வாங்கி வைத்திருந்தால், ‘ரினியூவல் பண்ணணும்’ என்று சொல்லி இந்த வாரமே திரும்ப வாங்கிவிடுங்கள். சண்டை போட்ட பிறகு அதைத் திருப்பி வாங்க நடையாய் நடந்தவர்கள் என் ஆபீஸ் பெஞ்சில் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.